நைனா வாங்கி வந்த சாக்பீஸ்



"உனக்கு எந்த ஊருப்பா?" என்று யாராவது கேட்டால் "திருத்தணி" என்பேன். உடனே இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் மலைமேல் இருக்கும் முருகன். இன்னொருவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி எங்கள் ஊரில் பிறந்தவர். 1962-ல் அவர் குடியரசுத் தலைவர் ஆனதிலிருந்து அவர் பிறந்த நாள்தான் ஆசிரியர் தினம். அன்றைக்கு நாமும் நம் ஆசிரியர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து, கை தட்டி, இனிப்பு சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

ஆனால் எந்தப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத வாத்தியார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, ரோஜாப்பூவும் இல்லை. அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் நைனா விசைத்தறி ஓட்டுகிறவர். (ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர் ஆச்சே! எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினபோது நான் ஏழாவது. மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது 2021 செப்டம்பரில், ஒன்பதாவதில்! நடுவில் போன் இருந்தவன் ஏதோ படித்தான். எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று எழுதினால் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. "பேசாம தறிக்கே வந்துடறேன் நைனா" என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பையன், "சர்ச்சுல சாயங்காலம் கணக்கு சொல்லித் தர்றாங்கடா, காசு கிடையாது, யார் வேணா வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களே வாரத்தில் நான்கு நாள் சாயங்காலமும் பாடம் எடுத்தார்கள். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா சார். அவர் இங்கிலீஷ். இன்னொருவர் பகலெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, ஆறரை மணிக்கு ஓடி வரும் டீச்சரக்கா. அவங்க கணக்கு.

முதல் நாள் நெற்றியில் விபூதியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அழிக்கச் சொல்வார்களோ என்று பயம். டீச்சரக்கா என் நெற்றியைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தாங்க. "உங்க நைனா என்ன வேலை?" "தறிக்கா." "சரி. ஒரு பெட்டியில அஞ்சு நூல் கோன் இருக்கு. பெட்டி மட்டும் ரெண்டு கிலோ. எல்லாம் சேர்த்து பன்னெண்டு கிலோ. ஒரு கோன் எவ்வளவு?" "ரெண்டு கிலோ." "அவ்வளவுதான்டா! தெரியாத அந்தக் கோனுக்குத்தான் எக்ஸ்னு பேரு." அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒரு பூட்டு திறந்தது, நண்பர்களே!

ஞாயிறு பள்ளிக்கு ஒரு கதை உண்டு. 1780-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ், வாரமெல்லாம் வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலாவது எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் பாடம் எடுத்த பெண்களுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங் கூலி. பிற்பாடு பள்ளிகள் பெருகப் பெருக, கூலி வாங்காமல் சொல்லித் தருகிறவர்கள்தான் அவற்றைத் தாங்கினார்கள். இரண்டு நூற்றாண்டு தாண்டி, கடல் தாண்டி, அந்த வழக்கத்தின் ஒரு துண்டு திருத்தணியில் ஒரு தறிக்காரன் மகனுக்குக் கிடைத்தது. நம் ராதாகிருஷ்ணன்கூட திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர்தானே!

2023 மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்தது. கணக்கில் 78! நான் டீச்சரக்காவிடம் போய்ச் சொல்லணும் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் போனது. அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நைனா, "வாடா, அந்த டீச்சரம்மாவைப் பார்த்துட்டு வரலாம்" என்று கிளம்பினார். அழுக்கு லுங்கி, தலையில் பஞ்சுத்தூசி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தடி தள்ளியே நடந்தேன்.

சர்ச் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். டீச்சரக்காதான் ஓடி வந்து, "உள்ள வாங்கண்ணா" என்றாங்க. நைனா பையை நீட்டினார். பழமா, இனிப்பா என்று எட்டிப் பார்த்தேன். ஆறு டப்பா சாக்பீஸ்!

"மழை நாள்ல பையனைக் கூப்பிட வருவேன்மா. ஜன்னல் வழியா பார்ப்பேன். நகம் அளவு துண்டை வெச்சிக்கினு எழுதுவீங்க. தீர்ந்துபோச்சின்னு நெனச்சேன்."

டீச்சரக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாங்க. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுக்க நிறைய பேர் வருவாங்கண்ணா. சாக்பீஸ் இருக்கான்னு பார்த்தது நீங்க ஒருத்தர்தான்" என்றாங்க. அந்த சாக்பீஸை இத்தனை நாளும் அவங்க சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருந்தாங்க என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் அந்தப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த என் கண்ணுக்குப் படாதது, படிக்கத் தெரியாத என் நைனாவுக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து தெரிந்தது!

டிப்ளமா சேர்ந்த பிறகு, 2024 ஆசிரியர் தினத்துக்கு நாங்கள் பழைய பசங்க பதினோரு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, இரண்டு பேருக்கும் சால்வையும் ஷீல்டும் வாங்கிப் போனோம். தாத்தா சார் சால்வையைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார். டீச்சரக்காவும் சந்தோஷப்பட்டாங்க. பிறகு மெதுவாகக் கேட்டாங்க: "தாத்தா சாருக்கு முன்ன மாதிரி நிக்க முடியலடா. உங்கள்ல யாராவது சனிக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமா?"

பதினோரு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எனக்கு நைனாவின் பிளாஸ்டிக் பை ஞாபகம் வந்தது. "நான் வர்றேன்கா" என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஏழாவது பிள்ளைகளுக்கு நான்தான் வாத்தியார்! ஒரு மணி நேரம் எடுக்க, முந்தின நாள் ஒரு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் செமஸ்டர் பரீட்சை என்று சொல்லாமல் நின்றுவிட்டேன். ஒரு சின்னப் பெண் எட்டு மணி வரைக்கும் நோட்டோடு காத்திருந்தாளாம். அதைக் கேட்டபோதுதான், தையல் மெஷினிலிருந்து எழுந்து ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவங்களின் கால் வலி எனக்குப் புரிந்தது.

நண்பர்களே! உங்கள் ஊரிலும் சர்ச்சிலோ, கோயில் மண்டபத்திலோ, மசூதித் திண்ணையிலோ, தெருவிளக்கின் கீழோ காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்த ஒருவர் இருப்பார். இந்த லீவில் அவரைப் போய்ப் பாருங்கள். மார்க்கை நேரில் சொல்லுங்கள். "என்ன தீர்ந்துபோச்சு?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மலர் கைக்கு வந்ததும் ஒன்றை டீச்சரக்காவிடம் கொடுப்பேன். இன்னொன்றை நைனாவுக்கு நான்தான் படித்துக் காட்டணும். பத்தடி தள்ளி நடந்தேன் என்ற வரியையும் விடாமல் படிப்பேன்.

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்