அப்பாவின் டீசல் கணக்கு

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாம் கேட்டு வரும் பழமொழி. அதன் பொருளை நாங்கள் உண்மையில் உணர்ந்த இடம் வகுப்பறை அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையோரம் நின்ற ஒரு டிரெய்லர் லாரியின் நிழல்தான்!

எங்கள் ஊர் தொழிற்சாலைகளின் ஊர் என்பதைத் தோழியர் அறிவீர்கள். இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் இங்கே பல உண்டு. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை, முன்பு 5 என்றும் இப்போது 16 என்றும் எண் பெற்றது, எங்கள் ஊர் வழியாகவே செல்கிறது. அச்சாலையில் கம்பி ஏற்றிக்கொண்டு விஜயவாடாவுக்கு டிரெய்லர் ஓட்டுபவர்தாம் எங்கள் அப்பா. வாரம் ஒரு நடை. போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். திரும்ப 400 கிலோமீட்டர். ‘எங்கள்’ என்று சொன்னது எங்கள் இருவரையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் ஏழாம் வகுப்பு.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தோடு போகும்போது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், காலி வண்டியாகத் திரும்பும்போது இத்தனை என்று முதலாளி கணக்குப் போட்டு டீசல் கொடுப்பார். அப்பாவின் வண்டிக்கு ஒரு நடைக்கு 225 லிட்டர். அதற்கு மேல் செலவானால் அந்தப் பணம் டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். சென்ற ஆண்டு ஆடி மாதத்திலிருந்து ஒவ்வொரு நடையிலும் 20 லிட்டர் கூடுதலாகச் செலவாயிற்று. வாரந்தோறும் 1,800 ரூபாய் போயிற்று. அம்மா சீட்டுக் கட்டுவதை நிறுத்தினார்.

பணம் போனதுகூட எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு நாள் அப்பா சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். அம்மா கேட்டதற்கு, “டீசலை வழியில வித்துட்டியான்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டார்” என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் எங்கள் அப்பா. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மறுநாள் இயற்பியல் வகுப்பு முடிந்ததும், “சிஸ்டர், ஒரு வண்டி ஏன் அதிக டீசல் குடிக்கும்?” என்று கேட்டோம். சிஸ்டர் காரணம் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். டயர், பிரேக், வேகம், பாரம், எஞ்சின் என எழுதினோம். “எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். ஒரு நடைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எழுதி வையுங்கள்” என்றார்கள். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.

பாரத்தில் குற்றம் இல்லை. எடை மேடைச் சீட்டுகள் சரியாக இருந்தன. மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்றாரே வள்ளுவர், அதை அப்பா எப்போதும் மறந்ததில்லை.

முதலில் டயர்களைப் பார்த்தோம். அப்பா இரும்புக் கம்பியால் தட்டி, ஓசையைக் கொண்டே காற்றை அறிவார். வெளி டயர்கள் கணீரென்றன. இரட்டை டயர்களில் உள்ளே இருப்பவை இரண்டு மந்தமாக ஒலித்தன. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. இரண்டையும் சரி செய்த பின் குறைவு 20 லிட்டரிலிருந்து 16 ஆயிற்று. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னார்களே என்று சிஸ்டரிடம் திட்டும் வாங்கினோம்.

அடுத்தது வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள தடை, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 1.78 மடங்காகிறது! மேலைநாடுகளில் வீடு போன்ற வண்டிகளை இழுத்துச் செல்பவர்களுக்கும் இதே விதிதான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது உலக நாடுகள் பலவும் வேகத்தைக் குறைக்கச் சொன்னது இதனால் அன்றோ? நம் நாட்டிலும் 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று அது ஓட்டுநர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறது.

“காலி வண்டியை ஏன்ப்பா 80இல் ஓட்டுறீங்க?” என்று கேட்டோம். அப்பா சற்று நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “நீங்க தூங்கறதுக்குள்ள வந்துடலாம்னுதான்” என்றார்.

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அப்பா வருவதும், நால்வரும் சேர்ந்து சாப்பிடுவதும் எங்களுக்கு வாரத்தின் திருநாள். 60 கிலோமீட்டரில் வந்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதமாகும். தங்கைதான் முதலில் சொன்னாள்: “மெதுவா வாங்கப்பா. ஞாயித்துக்கிழமை காலையில சேர்ந்து சாப்பிடலாம்.” அடுத்த நடையில் குறைவு 8 லிட்டர்தான்.

அந்த எட்டு லிட்டர் எங்கே போயிற்று? வண்டி நிற்கும்போதுதான்! ஆலை வாசலில் வரிசை மெல்ல மெல்ல நகரும். அப்பா நான்கு மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். பெரிய டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். ஏன் அணைக்கவில்லை? பேட்டரி பழையது, அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காது. புதிய பேட்டரி கேட்டு அப்பா இருமுறை சொல்லியும் கிடைக்கவில்லை.

அப்பா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். நாங்கள் கோடு போட்டு, தேதி, கிலோமீட்டர், டீசல் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தோம். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தாராம். “யார் எழுதினது?” என்று கேட்டாராம். “என் பொண்ணுங்க” என்றாராம் அப்பா. மறு வாரம் புதிய பேட்டரி வந்தது. அந்த நடையில் ஒரு லிட்டர் மீதம்!

முன்பு பிடித்த பணம் திரும்பி வரவில்லை. சொன்ன சொல்லுக்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. ஆனால் அப்பா அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

தோழியரே! நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது. ஒரு வண்டியில் வாரம் 20 லிட்டர் என்றால், நம் நெடுஞ்சாலையில் ஓடும் எல்லா வண்டிகளிலும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். நம்மில் பலருடைய தந்தையர் வண்டி ஓட்டுபவர்களே. அவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்; ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல்தான் கதவு தட்டும் ஓசை கேட்கிறது. நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். அப்பா எங்கள் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு, மேசைமேல் இருக்கும் நோட்டில் அன்றைய கணக்கைத் தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் படுக்கச் செல்கிறார். காலையில் எழுந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.