அவனுக்கும் அதே மின்னல்தான்

2022 அரைப் பரீட்சை லீவில் என் மகன் தினமும் நாலைந்து தடவை செத்தான். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடக்கிறது. அங்கேதான் விளையாட்டு. விளையாட்டுக்குப் பெயர் மின்னல் முரளி. பழைய துண்டை முகத்தில் கட்டிக்கொண்டவன் முரளி. அவனிடம் அடிவாங்கி விழுந்து சாகிறவன் ஷிபு. எல்லா நாளும் என் மகன்தான் ஷிபு.

முதலில் நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டில் அப்பனுக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் ராத்திரி சோறு திங்கும்போது சும்மா கேட்டேன்.

"ஏன்டா, நீ ஒரு தடவகூட முரளியா வரலியா?"

"கேட்டேம்ப்பா. ஒனக்கு ஷிபுதான்டா சரியா இருக்கும்னுட்டாய்ங்க."

சொல்லிவிட்டு சோற்றைப் பிசைந்தான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் சொன்னது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. எனக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்தது. அந்த மனைக்கு விளையாட வருகிற பிள்ளைகளில் எங்க தெருப் பிள்ளை இவன் ஒருத்தன்தான். நிறத்திலும் இவன்தான் கருப்பு.

அந்தப் படத்தை அவனுக்குப் போட்டுக் காட்டியதே நான்தான்.

மின்னல் முரளி மலையாளப் படம். பேசில் ஜோசப் எடுத்தது. 2021 டிசம்பர் 24ந் தேதி நெட்பிளிக்ஸில் வந்தது. தமிழ்க் குரலிலும் கிடைக்கிறது. குறுக்கன்மூலை என்று கற்பனையாக ஒரு கிராமம். கிறிஸ்துமசுக்கு முந்தின ராத்திரி அங்கே இரண்டு பேர்மேல் மின்னல் விழுகிறது. ஒருவன் ஜெய்சன், தையல்காரன். இன்னொருவன் ஷிபு, டீக்கடையில் வேலைபார்க்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே சக்தி வருகிறது. ஜெய்சன் நாயகன் ஆகிறான், ஷிபு வில்லன் ஆகிறான். ஷிபுவாக நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம், 2016இல் ஜோக்கர் படத்தில் பார்த்தோமே, அவர்.

ஷிபுவை ஊர் கிறுக்கன் என்கிறது. பக்கத்தில் சேர்ப்பதில்லை. அவன் விரும்பிய உஷா, நோயாளிப் பிள்ளையோடு ஊருக்குத் திரும்பி வருகிறாள். அந்தப் பிள்ளையின் ஆபரேசனுக்காக அவன் பேங்கைக் கொள்ளையடிக்கிறான். கொலையும் செய்கிறான். ஊர் திரண்டு தீ வைக்கிறது. உஷா சாகிறாள். அதற்குப் பிறகு அவன் ஊரையே எரிக்கக் கிளம்புகிறான். நாயகன் அவனைக் கொல்கிறான். படம் ஷிபுவுக்குச் சாதி சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ஊர் அவனைப் பார்க்கிற பார்வையை வைத்தே நமக்கு முகவரி தெரிந்துவிடுகிறது.

இந்தப் படத்தைக் காட்டுமுன் நான் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டேன். ரத்தம் அதிகமா, ஆபாசம் உண்டா, கெட்ட வார்த்தை உண்டா என்று விசாரித்தேன். தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்று இருக்கிறது. 1983இலிருந்து யு/ஏ என்று ஒன்று வைத்திருந்தார்கள், பன்னிரண்டு வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. 2023இல் சட்டத்தைத் திருத்தி அதையே 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். நெட்பிளிக்ஸ் மாதிரியானவற்றுக்குத் தணிக்கைக் குழு கிடையாது. 2021 விதிகளின்படி கம்பெனிக்காரர்களே வயது போட்டுக்கொள்கிறார்கள். படம் தொடங்கும்போது மூலையில் வன்முறை, புகை, மது என்று சின்னதாக எழுத்து ஓடும்.

இந்த எழுத்துகளைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அவை வேண்டும். 1997இல் தூர்தர்சனில் சக்திமான் வந்தபோது, அவன் வந்து காப்பாற்றுவான் என்று பிள்ளைகள் ஆபத்தில் இறங்குவதாகப் பேச்சு கிளம்பி, அந்த நடிகரே திரையில் வந்து இப்படிச் செய்யாதீர்கள் என்று புத்தி சொல்ல வேண்டியதாயிற்று. மாடியிலிருந்து குதிக்காதே என்று எந்தச் சாதிப் பிள்ளைக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ரத்தத்தைக் கணக்கெடுக்கிற அந்த மூலை எழுத்தில், "இந்தப் படத்தில் உங்கள் பிள்ளையைப் போலிருப்பவன் கடைசியில் கொல்லப்படுகிறான், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்" என்று ஒரு வரி ஒருநாளும் ஓடப்போவதில்லை. அதை நம் பிள்ளைக்கு நாம்தான் முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் விசாரித்தேனே தவிர பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

எனக்கும் வீரர்கள்மேல் பைத்தியம் இருந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை நான் எண்பதுகளில் அட்டை கிழிந்த பழைய புத்தகமாகப் படித்தேன். கரண்டு பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். மற்ற பையன்கள் அந்தக் கையால் எதிரியைக் குத்த ஆசைப்பட்டார்கள். எனக்கு மறைவதில்தான் ஆசை. மறைந்தால் செருப்புக் காலோடு ஊர்த்தெருவில் நடந்துபோகலாம். டீக்கடையில் எந்த டம்ளர் யாருக்கு என்று கேட்காமல் எடுத்துக் குடிக்கலாம். யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன், உலகத்தைக் காப்பாற்றுகிற சக்தி கைக்கு வந்தும் அந்த வயதில் எனக்குத் தோன்றியது ஒரு தெருவைக் கடப்பது மட்டும்தான்.

அப்பாயி சொன்ன மதுரைவீரன் கதை வேறு ரகம். அவளுக்கு வீரன் சக்கிலியக் குடிசையில் வளர்ந்தவன், எங்காளு. கள்ளரை அடக்கி ராசாவுக்கு ஊரைக் காத்துக்கொடுத்தான். அந்த ராசாவே மாறுகால் மாறுகை வாங்கினான். கதை அந்த இடத்துக்கு வரும்போது அப்பாயி வெத்தலையைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டாள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தை அவள் பலதடவை பார்த்தவள். அதில் வீரன் பிறப்பால் ராசா மகன், காட்டில் விடப்பட்டு செருப்புத் தைக்கிறவர் வீட்டில் வளர்கிறான். என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் வளர்த்தவர்கள். கதைப்பாட்டிலும் இப்படி உண்டு. "ராசா மவன்னு சொன்னாத்தான் சாமியா கும்புடுவானுக, அதான் சொல்லி வச்சிருக்கானுக" என்பாள் அப்பாயி. பிறகு பெரிய படிப்பாளிகள் எழுதிய வியாக்கியானம் எல்லாம் படித்தேன். அவள் சொன்னதற்கு மேலே அதிகம் இல்லை.

வெளிநாட்டு வீரர்களையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து விவசாயி வீட்டில் வளர்கிறான். பேட்மேன் கோடீசுவரன் மகன். சக்தி ஒன்று பிறப்பில் வரவேண்டும், இல்லையென்றால் சொத்தில் வரவேண்டும். மின்னல் முரளி ஒரு இடத்தில் இவற்றைவிட மேல். மின்னல் யாரையும் விசாரித்துவிட்டு விழவில்லை. சேர்க்கக்கூடியவன், சேர்க்கக்கூடாதவன் இரண்டு பேர்மேலும் விழுந்தது. பிறகு நடந்த மாற்றமெல்லாம் ஊர் செய்தது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. படத்தை இரண்டாம் தடவை அவனோடு உட்கார்ந்து பார்த்தபோது அவன்தான் கேட்டான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மின்னல்தானப்பா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் இவன் மட்டும் கெட்டவனா ஆனான்?"

"நீயே பாரு."

பார்த்தான். தீ வைக்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவுங்கள யாரும் போலீசுல புடிக்கலியாப்பா?" என்றான். தீ வைத்த ஊர்க்காரர்களைத்தான் கேட்கிறான். கொன்றவன் ஷிபு, கொள்ளையடித்தவன் ஷிபு, அதையும் நான் மறைக்கவில்லை. அவன் செய்தது தப்பு, அவனுக்கு நடந்ததும் தப்பு. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முடிகிறது. நமக்குத்தான் முடியவில்லை.

நாங்கள் இப்படிப் பார்த்தது டிசம்பர் கடைசி. அந்த வாரம்தான் வேங்கைவயல் செய்தி வந்தது. எங்களுக்கு அது தூரத்து ஊர் இல்லை, இதே மாவட்டம். பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பார்க்கச் சொல்லி, டிசம்பர் 26ந் தேதி தொட்டியில் ஏறிப் பார்த்தால் மலம். தலித் குடியிருப்புக்குக் குடிதண்ணீர் போகிற தொட்டி. மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் போனார்கள். பக்கத்திலேயே இறையூரில் இரட்டை டம்ளரும் கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தது. அன்றைக்கே சனங்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார்கள். வீட்டில் டி.வி.யை அணைத்து வைத்தோம். ஆனால் பிள்ளைகள் காதை எப்படி அணைப்பது? தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தான். ஒரு வாரம் அப்படித்தான். இதற்கு எந்த மூலையில் வயது போடுவார்கள்? வேங்கைவயல் பிள்ளைகளுக்கு 7க்கு மேல், 13க்கு மேல் என்று யாராவது பிரித்துக் கொடுத்தார்களா?

2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்தத் தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மேலேயே. சனங்கள் ஏற்கவில்லை. கட்சிகளும் அமைப்புகளும் சி.பி.ஐ. விசாரணை கேட்டன. பேப்பரை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "ஷிபுவாக்கிட்டாய்ங்களாப்பா" என்றான் மகன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். வீரர் படமே வேண்டாம், தனி ஒருவன் வந்து காப்பாற்றுவான் என்பதே நம்மைக் கெடுக்கிற நினைப்பு, ஒழித்துக்கட்டு என்றார். மேடையில் கைதட்டலாம். வீட்டில் நடக்காது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் பார்த்த படத்தை நம் பிள்ளை மட்டும் பார்க்கவில்லை என்றால் அங்கேயும் அவன் வெளியேதான் நிற்பான். என் வீட்டம்மா கேட்டது வேறு மாதிரி. "நீங்க அவனுக்குப் படம் காட்டுறீங்களா, பாடம் நடத்துறீங்களா? அந்தப் புள்ள சிரிக்கவேண்டிய எடத்துல சிரிக்கட்டும், விடுங்க." அதிலும் நியாயம் இருக்கிறது. மின்னல் முரளி சிரிக்க நிறைய உள்ள படம். இடையிடையே நிறுத்தி நான் பிரசங்கம் செய்தபோது பிள்ளை கொட்டாவி விட்டது.

அதனால் இப்போது அவனுக்கு முன்னால் ஒருதடவை நான் தனியாகப் பார்த்துவிடுகிறேன். வில்லன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், குப்பத்திலிருந்தா பங்களாவிலிருந்தா என்று பார்க்கிறேன். கருப்பாயிருப்பவன் அடிபட்டால் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்கிறேன். காப்பாற்றப்படுகிற சனத்துக்குப் படத்தில் வாய் இருக்கிறதா, பெயர் இருக்கிறதா, இல்லை ஓடுவதற்கு மட்டும்தானா? 2023இல் வந்த மாவீரன் எனக்குப் பரவாயில்லை என்று பட்டது அதனால்தான். குடிசையைக் காலிபண்ணி இடியப்போகிற அடுக்குமாடியில் கொண்டுபோய் அடைக்கப்பட்ட சனம்தான் கதையே. நாயகன் பயந்தாங்கொள்ளி, படம் வரைகிறவன். மகனுக்குப் பிடித்தது அவன் பயப்படுகிற காட்சிகள். அதிலும் கடைசியில் ஒரு ஆள்தான் எல்லாம் செய்கிறான், அது குறைதான். குறையுள்ள படத்தைக் காட்டக்கூடாதென்றால் எதைக் காட்டுவது? படம் முடிந்த உடனே நான் ஒன்றும் கேட்பதில்லை. தூங்கப்போகும்போது அவனே ஆரம்பிப்பான். ஆரம்பிக்காவிட்டால் விட்டுவிடுகிறேன்.

காலி மனை விசயத்தில் நான் தலையிடவில்லை. போய் அந்தப் பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம், அப்பன்மாரிடம் பேசியிருக்கலாம். பேசினால் விளையாட்டே நின்றுபோகும் என்ற பயம். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை படம் பார்த்த மறுநாள் சன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் ஷிபுவா இருக்கேன். ஆனா வீட்டுக்குத் தீ வைக்கக் கூடாது" என்றான் என் மகன்.

"தீ வைக்காட்டி நீ எதுக்குடா ஊர எரிக்க வருவ? சண்டையே வராதே."

"வராட்டி என்னடா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒருத்தன் போய் மட்டையை எடுத்து வந்தான். இருட்டும்வரை கிரிக்கெட் ஆடினார்கள். இவனுக்கு பேட்டிங் கடைசியில்தான் வந்தது.