கல்லும் எழுத்தும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் பேருந்து கீரனூரைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. வயல்கள் பின்தங்க, செம்மண் பொட்டலும் முட்புதரும் தொடங்குகின்றன. அவற்றினிடையே முதுகு காட்டிப் படுத்திருக்கும் யானைகளைப் போலப் பாறைக் குன்றுகள். மழையை நம்பி வாழும் சீமை இது. வானம் பொய்த்தால் மக்கள் கல்லை நம்புவர்.

சென்ற மாதம், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், இவ்வழியே போகும் வாய்ப்புக் கிடைத்தது. புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது.

இந்த மாவட்டத்துக் கற்களைப் போல் எழுத்தைச் சுமந்த கற்கள் தமிழகத்தில் வேறெங்கும் உண்டோ என்று நான் வியப்பதுண்டு. சித்தன்னவாசல் குன்றின்மீது, சமணத் துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கை ஒன்றில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளை இன்றும் காணலாம். குடுமியான்மலையில் இசைக் குறிப்புகளையே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. அறிஞர்கள் அவற்றைப் படியெடுக்கின்றனர். நாமும் போய் நின்று வியக்கின்றோம். ஆனால் அதே பாறைகளின் உடன்பிறப்புகளை வெயிலில் அமர்ந்து ஜல்லியாக உடைத்த பெண்களுக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாதிருந்தது. எத்தனை லோடு உடைத்தோம் என்று குத்தகைக்காரர் தம் நோட்டில் குறித்ததுதான் கணக்கு. அதன் கீழே இவர்கள் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றுவார்கள்.

இந்நிலையை மாற்ற 1991-ஆம் ஆண்டில் எழுந்ததுதான் அறிவொளி இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். ஊதியம் ஏதுமின்றி ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் மாலைதோறும் பாடம் சொல்லிக் கொடுத்தனர். திண்ணை, கோயில் வாசல், மாட்டுக்கொட்டில், தெருவிளக்கின் அடி எல்லாமே பள்ளிக்கூடங்களாயின. பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத்தந்தது அதன் தனிச்சிறப்பு. 1992-இல் மகளிர் நாளையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்து வந்ததை அவ்வூரார் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். கல்குவாரிகள் சில, பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டதும் அக்காலத்தில்தான்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், குருமாணவனாய் இருந்த நானும் ஆசிரியனாகச் சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. தத்துவ இயல் படித்து முடித்த தலைக்கனம் வேறு! பிந்திச் சேர்ந்த பதினொரு பெண்கள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டனர். எனக்குத் துணையாக, பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டிலிருந்த அவ்வூர்ப் பெண் ஒருத்தி. உண்மையில் அவள் ஆசிரியை, நான் துணை என்பதை உணர எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

வளர்ந்தவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பது குழந்தைகளுக்குக் கற்பிப்பது போலன்று. சம்மட்டி பிடித்த கையில் பென்சில் நிற்காது. முதல் நாளே மூன்று பென்சில்கள் முறிந்தன. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கோ என் படிப்பில் விடையில்லை. "கொம்பு முன்னால நிக்குது, சத்தம் பின்னால வருது. இது என்ன நியாயம் தம்பி?" என்றார் ஒரு பாட்டி. 'கெ' என்ற எழுத்தைப் பற்றித்தான் பேச்சு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு காட்டித் தெளிவாக்கியவர் நம் வீரமாமுனிவர் என்று நான் பெருமையுடன் விளக்கத் தொடங்கினேன். பாட்டி பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அந்தப் புண்ணியவான் கொம்பைப் பின்னால தள்ளி வச்சிருக்கலாம்" என்றார். இன்றுவரை எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நாற்பத்தைந்து வயதை நெருங்கிய ஓர் அம்மா எப்போதும் கடைசி வரிசையில் அமர்வார். இரவு கஞ்சி காய்ச்சிவிட்டு வந்து, கடைசிவரை இருப்பார். ஆயினும் புத்தகத்தை நீட்டினால் தடுமாறுவார். ஒருநாள் மாலை, முன்னாள் படித்த அதே சொல்லை அவர் தப்பாய்ப் படிக்க, "நேற்றுத்தானே சொல்லிக் கொடுத்தேன், அதற்குள் மறந்துவிட்டதா?" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தனர். அவரும் சிரித்தார். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த அத்தைக்கு எழுத்துத் தெரியாம இல்ல. கண்ணுதான் தெரியல" என்றாள். பகலில் குவாரிக்குப் போய், பாறையில் சாக்குக்கட்டியால் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகளை எழுதிக் காட்டியிருக்கிறாள்; அந்த அம்மா ஒன்றுவிடாமல் படித்துவிட்டாராம். புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்கு அவர் தள்ளிப் பிடித்ததை நான் நாள்தோறும் பார்த்தவன். நாற்பதைக் கடந்தவர்க்குக் கிட்டப் பார்வை குறைவது இயல்பென்று படித்தவன். இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கச் சொல் வரவில்லை. என் தந்தையின் பழைய மூக்குக்கண்ணாடியை மறுநாள் வாங்கிவந்து கொடுத்தேன். அரிக்கேன் விளக்கொளியில் அதைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தவர், "அடி ஆத்தே! இதெல்லாம் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கு!" என்றார். அன்றிரவு அவர் தம் பெயரைப் பதினேழு முறை எழுதினார். எண்ணியவர் அவரே.

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. விழாக்கள் நடந்தன. ஆனால் விழா முடிந்ததும் விளக்கும் அணைந்த ஊர்கள் பல. படிக்கப் புத்தகம் வராமல், மாலையில் கூடவும் ஆளில்லாமல், கற்றதைப் பலர் மறந்தனர். இதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் நீதியாகாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் அம்மாவட்டத்தில் நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே. என் பங்கு அலுவலகத்தில் இன்றும் மைப்பெட்டி உண்டு; திருமணப் பதிவேட்டில் சாட்சிக் கையொப்பமிட வருவோரில், விரலை மறைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களை நான் காண்பதுண்டு. அப்பொழுதெல்லாம் அந்தக் கடைசி வரிசை நினைவுக்கு வரும்.

அந்த ஊரில் இன்று சாலை தார்ச்சாலையாகிவிட்டது. குவாரி பெருங்குழியாகி, அதில் பச்சை நிறத்தில் நீர் தேங்கிக் கிடக்கிறது. பள்ளிக்கட்டடத்தில் மாலையில் விளக்கெரிந்தது. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் ஒரு வகுப்பு. கரும்பலகையருகே, நரை விழுந்த தலையுடன், நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்மணி. என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே!" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாமி" என்று திருத்திக்கொண்டார். அவருடைய பலகையில் எழுத்துகள் இன்றும் உள்ளங்கை அகலம்.

அவரே என்னைக் கடைசித் தெருவுக்கு அழைத்துச் சென்றார். அந்த அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். கண்புரை நீக்கும் அறுவை செய்து, தூரப் பார்வை நன்றாயிருக்கிறதாம். "படிச்சதெல்லாம் போச்சு சாமி. ஆளில்லாம என்னத்தைப் படிக்கிறது? கையெழுத்தும் பஸ்ஸும் மட்டும் நிக்குது" என்றார். என் தந்தையின் கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டதாம். அதன் கூட்டை வைத்திருந்தார். உள்ளே ஊசியும் நூலும்.

வழியனுப்ப நிறுத்தம்வரை கோலூன்றி வந்தார்கள் அந்த அம்மா. இருட்டத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ஒரு பேருந்து. பலகையைப் படிக்க நான் பையில் என் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"புதுக்கோட்டைதான் சாமி. கையைக் காட்டுங்க" என்றார்.