நானும் ஒரு ரப்பர் வளையமும்!

நான் பி.இ. மெக்கானிக்கல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே, 'இந்த ஆள் என்னதான் படிச்சான்?' என்று கேட்பீர்கள்.

காம்பஸ் இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட கேள்வி, 'ஓ-ரிங் எதற்குப் பயன்படுகிறது?' விட்டேனா! 1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பி 73 விநாடியில் வானத்திலேயே சிதறியது. ஏழு பேர் பலி. பக்கவாட்டு ராக்கெட் ஒன்றின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்காமல் விட்டதுதான் காரணம். 'இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்' என்று முந்தின ராத்திரியே இன்ஜினீயர்கள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. பிறகு விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நசுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அத்தனை கேமராக்களும் பார்த்துக்கொண்டிருந்தன!

இவ்வளவையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். வேலை கிடைத்தது... கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை! எனக்கும் ஓ-ரிங்குக்கும் இருந்த உறவு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சைதாப்பேட்டையில் ஒரு சின்ன போர்ஷன். நான், ஆபீஸ் நண்பன், 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் என்று மூன்று பேர் குடித்தனம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புது சிலிண்டர் வந்தது. கோவில்பட்டியிலிருந்து நண்பனின் அம்மாவும் அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள்.

"செக் பண்ணிக் கொடுத்துடவா சார்?" என்றார் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

'ஐம்பது ரூபாய்க்கு அடி போடுகிறார்' என்று என் மூளை எச்சரித்தது. "வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டேன். (விறைப்பில் ராக்கெட் ரப்பருக்கு நான் சளைத்தவனில்லை!)

ரெகுலேட்டரை மாட்டித் திருப்பினேன். உஸ்ஸ்ஸ்... என்று சத்தம். உடனே மூடிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், வால்வின் வாய்க்குள் இருந்த கறுப்பு ரப்பர் வளையத்தில் ஒரு வெடிப்பு.

"ஏஜென்சிக்கு போன் பண்ணுடா" என்றான் நண்பன்.

மெக்கானிக்கல் இன்ஜினீயர் இருக்கிற வீட்டுக்கு மெக்கானிக்கா? மானப் பிரச்னை சார்! வாட்டர் ஃபில்டரை சர்வீஸ் செய்தவர் விட்டுப்போன ஒரு ரப்பர் வளையம் டிராயரில் கிடந்தது. அதே கறுப்பு, ஏறக்குறைய அதே அளவு. சேஃப்டி பின்னால் பழசை நெம்பி எடுத்தேன். புதுசை அதே பின்னால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினேன். ரெகுலேட்டரை மாட்டி, மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை.

"காபி போடுங்கம்மா!" என்றேன், சாலஞ்சரையே திருப்பித் தரையிறக்கியவன் மாதிரி.

ராத்திரி கடைசியாகப் பால் காய்ச்சியவன் நான்தான். அடுப்பை அணைத்தேன். ரெகுலேட்டரை மூடவில்லை.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். நானும் நண்பனும் ஹாலில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். சமையலறைக் கதவை யாரோ படாரென்று திறக்கிற சத்தம். எழுந்தேன். ஏதோ அழுகின நாற்றம். அரைத் தூக்கத்தில் கை தானாகச் சுவரில் லைட் சுவிட்சைத் தேடிப் போனது.

இருட்டில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது, இரும்பு மாதிரி.

"ஏ தம்பி, சுவிட்சைத் தொட்டுராத!"

நண்பனின் அம்மா. சாமி விளக்கேற்ற எழுந்தவர்கள், தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோதே நாற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தடவித் தடவி ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். ஓடுகிற ஃபேனை நிறுத்தக்கூட விடவில்லை. சுவிட்சில் தெறிக்கிற பொறி போடும்போதும் தெறிக்கும், அணைக்கும்போதும் தெறிக்குமாம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து பரவும். கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே தனியாகச் சேர்க்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன். அது தரையில் என் பாய் வரைக்கும் வந்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்!

தெருவுக்கு வந்து, கேஸ் கசிவுக்கென்று இருக்கும் 1906-க்கு போன் செய்தோம். பிற்பாடு ஒரு மெக்கானிக் வந்தார். நான் மாட்டிய வளையத்தை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உப்பிப் போயிருந்தது.

"யாரு சார் இதைப் போட்டது?"

"இவர்தான். இன்ஜினீயர்" என்றான் நண்பன். துரோகி!

"இது தண்ணிக்குப் போடற வாஷர் சார். கேஸ் பட்டா ஊதிக்கும். கேஸுக்கு ரப்பரே வேற. அப்புறம் பாருங்க, சைஸும் கொஞ்சம் தடிமன். ரெகுலேட்டரை அழுத்தும்போது நசுங்கியிருக்கு. இதோ பின்னு குத்தின காயம், இந்த வழியாவும் வந்திருக்கும்."

ஒரே வளையம். மூன்று தப்பு. காலேஜில்கூட நான் இவ்வளவு வேகமாக ஃபெயிலானதில்லை.

சரியான வளையத்தை எடுத்தார். வால்வு வாயைத் துடைத்தார். ஒரு மணல் இருந்தாலும் வழி விட்டுவிடுமாம். பின்னும் கிடையாது, ஸ்க்ரூ டிரைவரும் கிடையாது. விரலால் காடியில் முறுக்கில்லாமல் உட்கார வைத்தார்.

"இறுக்கினா கசியாதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க சார். அப்படி இல்லை. ரிங்குக்கு உக்கார எடம் சரியா இருந்தா போதும். வர்ற கேஸே அதைத் தள்ளி ஓரத்துல ஒட்ட வெச்சிடும்."

நான்கு வருஷம் படித்த பாடம், இரண்டு வரியில்!

மாட்டியதும் சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் விட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "மூக்கை நம்பாதீங்க சார், ஜலதோஷம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க? சோப்பு பொய் சொல்லாது. இனிமே இதை நீங்க தொடாதீங்க, எங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குக் கிளம்பும்போது நண்பனின் அம்மா கேட்டார்கள். "தம்பி, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்மா."

"ஓஹோ..." என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

என் மணிக்கட்டில் அந்தப் பிடி இன்னும் இருக்கிறது. அந்த உப்பிப்போன வளையம் என் சாவிக் கொத்தில் தொங்குகிறது.

இப்போதெல்லாம் சிலிண்டர் வருகிற அன்றைக்கு, குழைத்த சோப்புக் கிண்ணத்தோடு நானே வாசலில் நிற்கிறேன். போன தடவை வந்தவர் என்னையும் கிண்ணத்தையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஷேவிங்கை முடிச்சுட்டு வாங்க சார், வெயிட் பண்றேன்" என்றார்.