சீட்டில்லாத கல்

பழைய செய்தித்தாளை நான்காக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக் கிழித்துக்கொண்டிருந்தார் அண்ணன். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவர் தொடவில்லை. நகம் ஓடிய இடத்தில் தாள் நூல் பிடித்தாற்போல நேராகப் பிரிந்தது.

“வாரப் பத்திரிகைத் தாளு வேணாம் சார். வழவழன்னு இருக்கும், கல்லு உள்ள நழுவிக்கிட்டே கெடக்கும். நியூஸ்பேப்பர்தான் கல்லைப் புடிச்சுக்கும்” என்றார்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகம் அது. அண்ணன் அங்கே 27 ஆண்டுகளாக உதவியாளர். மாணவர்கள் முதல் துறைத்தலைவர் வரை எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான். மறுநாள் காலை 30 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் அண்ணனும் நானுமாக 34 பேர் காரைக்குக் கிளம்புகிறோம். இரண்டு நாள் பயணம், புதைபடிவம் சேகரிக்க. பயணத்தைப் பற்றி எழுதத்தான் அனுமதி கேட்டிருந்தேன். “எழுதணும்னா பத்து நாள் முன்னாடியே வாங்க. வேலையெல்லாம் அப்பத்தான் நடக்கும்” என்று பயணத்தை நடத்தும் பேராசிரியை சொன்னார். அவர் சொன்னபடி வந்தது நல்லதாயிற்று.

காரை பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர். திருச்சியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போய்ப் பாடாலூர்ப் பக்கம் திரும்பினால் பருத்திக் காடும் மக்காச்சோளக் காடும் வரும். அவற்றைத் தாண்டியதும் நிலம் திடீரென்று தோல் உரிந்ததுபோல் ஆகிவிடும். சாம்பல், மஞ்சள், செம்பழுப்பு எனப் பல நிறங்களில் களிமண் மேடுகள். அவற்றை மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைப் பள்ளங்கள். புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து வந்த பிறகு இந்தப் பக்கமெல்லாம் கடல் ஏறி நின்றது. காரையின் களிமண் ஏறத்தாழ 11 கோடி முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலின் அடியில் படிந்த சேறு. கிழக்கே அரியலூரை நோக்கிப் போகப் போகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். நின்னியூர்ப் பக்கம் போனால் டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த பாறையையே மிதிக்கலாம். பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

இங்கே பேருந்து நிறுத்தங்களின் பெயர்களே உலக நிலவியலின் பெயர்களாக இருக்கின்றன. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு என்று ஒவ்வொன்றும் ஒரு பாறைத் தொகுதியின் பெயர். கேயி, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் திரட்டிய சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார். 1862-இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பகுத்தார். அதன்பின் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இவற்றிலிருந்த உயிர்களை வகை வகையாகப் படம் வரைந்து பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூல்களில் ஒவ்வொரு சிப்பிக்கும் பக்கத்தில் அது கிடைத்த ஊர்ப் பெயர் இருக்கும். அந்த ஒரு சொல் இருப்பதால்தான் 150 ஆண்டுகள் கழித்தும் ஒரு மாணவி அதே ஊருக்குப் போய் அதே அடுக்கைத் தேட முடிகிறது.

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு பேராசிரியையும் அண்ணனும் நானும் இடம் பார்க்கப் போனோம். கல் எதையும் எடுக்கவில்லை. பெரிய பேருந்து எங்கே திரும்பும், எந்த மேட்டில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், உச்சி வெயிலுக்கு 34 பேர் ஒதுங்க எந்த வேப்பமரம் கொள்ளும் என்று பார்த்துப் பேராசிரியை குறித்துக்கொண்டே வந்தார். ஊராட்சித் தலைவரிடம் கடிதம் கொடுத்தோம். ஓடையை ஒட்டிப் பருத்திக் காடு வைத்திருந்தவரிடமும் போய்ச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: “வரப்புல நடக்கட்டும், பாத்தியில எறங்காம பாத்துக்குங்க.”

அடுத்து பேராசிரியை போனது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கழிப்பறையைத் திறந்து வைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். அவர் உடனே ஒப்புக்கொண்டு, சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் சொன்னார். திரும்பும் வழியில் பேராசிரியை சொன்னது எனக்கு மறக்காது. அவர் மாணவியாக இருந்தபோது களப்பயணம் என்றாலே வகுப்புப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். அப்படி ஒரு பயணத்தில் அவருடைய தோழி மயங்கி விழுந்திருக்கிறாள். யாரும் எதையும் கேட்கவுமில்லை, பேசவுமில்லை. அந்தத் தோழி அதற்குப் பிறகு களத்துக்கே வரவில்லை, படிப்பையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். “நல்லா கல்லு பாக்குற கண்ணு சார் அவளுக்கு” என்றார். சுத்தியலுக்கும் திசைகாட்டிக்கும் முன்னால் அவருடைய பட்டியலில் கழிப்பறை முதல் வரியாக நிற்பது இதனால்தான். இதைக் கணக்கில் எடுக்காத பயண ஏற்பாட்டை ஏற்பாடு என்றே என்னால் சொல்ல முடியாது.

ஓடைக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் கோலை ஊன்றி நின்றார். “என்னம்மா, பசங்கள எப்பக் கூட்டியாறே?” என்றார். ஆண்டுதோறும் பார்க்கிற பழக்கம். இந்த ஐப்பசி கார்த்திகை மழை எந்தச் சரிவை அறுத்தது, எந்தப் பள்ளம் மண் மூடிப்போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கோல் நுனியால் ஒரு சரிவைக் காட்டினார். புதிதாக அறுபட்ட களிமண்ணில் விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூராக, பழுப்புத் துப்பாக்கிக் குண்டுகள் போலப் பெலம்னைட்டுகள் சிதறிக் கிடந்தன. கணவாயின் உறவான உயிர் அது. கல்லாகி நிற்பது அதன் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. “அந்தச் சுருளுக் கல்லு அடுத்த பள்ளத்துல கெடக்குது. நான் தொடலே, நீங்க வந்து பாப்பீங்கன்னு விட்டுட்டேன்” என்றார். பேராசிரியை கையெடுத்துக் கும்பிட்டார். மழை முடிந்து தை, மாசியில் பயணம் வைப்பது ஏன் என்று அங்கே புரிந்தது. மழை தோண்டி வைத்ததைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

சுருள் கல் என்று அவர் சொன்னது அம்மோனைட். கண்டகி ஆற்றிலிருந்து வந்து வைணவர் வீட்டுப் பூசையில் சாளக்கிராமமாக இருப்பதும் இதே இன உயிர்தான். 2020-இல் இதே மாவட்டத்துக் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது கிடைத்த பெரிய உருண்டைகளை ‘டைனோசர் முட்டை’ என்று ஊரே கூடிப் பார்த்தது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகள் வாழ்ந்த கடலில் உருவான கல்லுருண்டைகள் என்று நிலவியலாளர்கள் பிறகு விளக்கினார்கள். மாணவர்களும் முதலில் கேட்பது டைனோசரைத்தான். இந்த மாவட்டங்களில் டைனோசர் எலும்பு கிடைத்தது உண்மை. நிலவியலாளர் மேட்லி 1929-இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் காரை, ஆழக் கடலின் சேறு. அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றத்தோடு யாரும் கண்டதைப் பொறுக்க மாட்டார்கள் என்பது பேராசிரியையின் கணக்கு. அதற்காகவே முந்தின வாரம் இரண்டு வகுப்பு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். ‘மைன்ஸ்’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கை அளவுச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர்கள் அங்கே உண்டு. அனுமதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போயிருந்தது. பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல், தலைக்கவசம், ஒளிரும் மேல்சட்டை, வெடி வைக்கும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனித் தாள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சுரங்கத்தில் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு மாணவனுக்காகப் பேருந்து முழுவதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து பட்டியலை அண்ணன் மூன்று முறை எண்ணுகிறார்.

பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்துக்கே திரும்ப வருகிறேன். ஐந்து பேருக்கு ஒரு குழு, ஆறு குழு. குழுவுக்கு ஒரு சுத்தியல், ஒரு உளி, இரண்டு கண்ணாடிக் கவசம். சுத்தியல் கையில் இருப்பவர் கண்ணாடி போடாமல் ஓங்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு எட்டு தள்ளி நிற்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு ஆளுக்கொன்று. சொட்டுக் குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரை முழுக்க ஜிப்சம் பளபளவென்று மண்ணுக்குள் ஓடிக் கிடக்கும். சித்த மருத்துவர்கள் கற்பூர சிலாசத்து என்று சொல்வார்களே, அதுதான். புதிதாக வருபவர்கள் அதைச் சிப்பி ஓடு என்று நினைத்துவிடுவார்கள். ஒரு சொட்டு விட்டால் ஓடு நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். அமிலம் இல்லையென்றால் நகத்தால் கீறினாலே ஜிப்சத்தில் கோடு விழும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர் என்று 20 லிட்டர் கேன் ஏழு. உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள். பாம்பு, தேளுக்குக் கல்லைப் புரட்டும் முறை: குச்சியால், தன்னை நோக்கியபடி, மறுபக்கம் முதலில் திறக்கும்படி. இதை அண்ணன் ஒரு செங்கல்லை வைத்துச் செய்து காட்டினார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிது சீட்டு. உள்ளங்கை அகலத் தாளில் ஆறு வரி அச்சடித்திருந்தார்: எண், நாள், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, எந்த அடுக்கு, எடுத்தவர் பெயர். கல்லை முதலில் மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்ற வேண்டும். அதன்மேல் சீட்டு. அதன்மேல் செய்தித்தாள். வெளியே மார்க்கரில் மறுபடி அதே எண். அதே எண் குழுவின் நோட்டிலும். “பை கிழியும், மழை வரும், எழுத்து அழியும். மூணு எடத்துல இருந்தா ஒண்ணாவது மிஞ்சும்.”

அப்போதுதான் என் பையிலிருந்த கல்லை எடுத்து அவரிடம் கொடுத்தேன். 25 ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது. கல்லூரிச் சுற்றுலாவில் இந்தப் பக்கம் வந்தபோது எடுத்தது, ஒரு கைப்பிடியளவு பாறையில் நாலைந்து சிப்பிகள். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், லென்சு வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“எங்க சார் எடுத்தீங்க?”

அரியலூர்ப் பக்கம் என்றேன்.

“அரியலூர்ப் பக்கம்னா?”

தெரியவில்லை. பேருந்து ஓர் இடத்தில் நின்றது, ஒரு வெட்டுச் சுவர் இருந்தது, எல்லோரும் எடுத்தார்கள், நானும் பெயர்த்தேன். இவ்வளவுதான் நினைவில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்லை மெதுவாக என் கையில் திருப்பி வைத்துவிட்டு மறுபடி தாள் கிழிக்கத் தொடங்கினார்.

களத்தில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் எதையும் கையில் எடுக்கக் கூடாது என்பது கட்டளை. பெலம்னைட்டுகள் எந்தத் திசை பார்த்துக் கிடக்கின்றன என்று திசைகாட்டி வைத்து அளந்து குறித்தார்கள். மண்ணில் புதைந்த நிலையிலேயே பல குண்டுகள் ஒரே திசையில் கிடந்தால், அன்றைய கடலடி நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்று ஊகிக்கலாம். பொறுக்கிவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்த பிறகே கை வைத்தார்கள். குழுவுக்கு ஐந்துதான். ஆறாவது வேண்டுமென்றால் கையிலிருப்பதில் ஒன்றைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இணையத்தில் விலை வைத்து விற்கப்படும் பொருளாகப் புதைபடிவம் ஆகிவிட்ட காலத்தில் இந்தக் கெடுபிடி வேண்டியதுதான். நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காக்க 2022-இல் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. ஆனால் ஓடைக்குள் நிற்கும் இருபது வயதுப் பையனின் கையைத் தடுப்பது அவனுடைய ஆசிரியரின் சொல்தான்.

மாலை சாத்தனூரில் கல்மரத்தைப் பார்த்தோம். 18 மீட்டருக்கு மேல் நீளம், அடிமரம் முதல் நுனிவரை கல். 1940-இல் இதை உலகுக்கு அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர். அங்கே சுத்தியல் பை பேருந்தை விட்டு இறங்கவே இல்லை. அண்ணன் கதவருகில் உட்கார்ந்துகொண்டார்.

திங்கள் காலை ஆய்வகத்தில் பொட்டலம் பிரித்தார்கள். 30 பொட்டலம் இருக்க வேண்டும், 31 இருந்தது. கூடுதலாக இருந்ததில் சீட்டு இல்லை, வெளியே எண்ணும் இல்லை. உள்ளே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய அம்மோனைட், விலாக்கோடுகள் ஒன்றுகூட உடையாமல். இரண்டு நாளில் கிடைத்தவற்றிலேயே அழகானது அதுதான். பேராசிரியை யாரையும் அதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். வண்டிக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டபோது கடைசியாகக் கண்ணில் பட்டது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் மேடம் என்றான். எந்தச் சரிவு என்று கேட்டார். அவன் வரைபடத்தின் மேல் விரலை வைத்தான், நகர்த்தினான், பிறகு எடுத்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

அண்ணன் அந்த அம்மோனைட்டை ஈரமில்லாத பல்துலக்கியால் மெல்லத் துடைத்தார். சன்னலோரம் ஒரு மரத்தட்டு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வரும்போது கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் தட்டு. பஞ்சு விரித்து அதில் அதை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தக் கல்லைக் கொண்டாந்திருக்கீங்களா சார்?” என்று கை நீட்டினார்.

கொடுத்தேன். பக்கத்திலேயே இடம் ஒதுக்கி வைத்தார்.