பறக்காத துடைப்பம்

மேல்நாட்டுக் கதைகளில் சூனியக்காரிகள் துடைப்பத்தில் ஏறிப் பறப்பார்கள். 1997-இல் வெளிவந்த ஹாரி பாட்டர் கதையிலோ, துடைப்பத்துக்கு 'நிம்பஸ் இரண்டாயிரம்' என்று பெயரே உண்டு!

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு பாட்டி ஈர்க்குமாறு விற்றுக்கொண்டிருந்தாள். ஓலையைக் கிழித்து, ஈர்க்கைச் சீவி, அடியைத் தரையில் தட்டிச் சமமாக்கி, இறுகக் கட்ட வேண்டும். கட்டுத் தளர்ந்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

"பாட்டி, இது பறக்குமா?" என்றாள் என் மகள்.

"பறந்துட்டா வாசலை யாரு பெருக்குறது, கண்ணு?"

நியாயந்தானே! பௌர்ணமிதோறும் ஜனங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். மறுநாள் அந்தப் பாதைக்குத் துடைப்பந்தான் கதி.

துடைப்பம் லட்சுமி, காலால் மிதிக்காதே என்கிறோம். அந்த லட்சுமியை வாங்கும்போது மட்டும், "ஐந்து ரூபாய் குறைத்துக் கொடு" என்கிறோம்!