ஆண்மரம் மட்டும் மிஞ்சிய கண்ணாடி வீடு

ஜனவரி மாதம் லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். "எவ்வளவு நாள் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க அப்பா, செடி கொடி இருக்கிற இடத்துக்குப் போகலாம் வாங்க" என்று தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். 1759இல் தொடங்கிய பூங்கா அது. சுமார் 130 ஹெக்டேர் பரப்பு. அந்தக் குளிரில் வெளியே இருந்த மரங்களில் பலவற்றில் ஒரு இலைகூட இல்லை. பார்க்க வேண்டியது எல்லாம் கண்ணாடி வீடுகளுக்குள்தான் இருந்தது.

முதலில் போனது பனை வகைகளுக்கான வீடு. 1844இல் தொடங்கி 1848இல் முடித்திருக்கிறார்கள். இரும்புச் சட்டங்களில் சுமார் 16,000 கண்ணாடிகள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி மாதப் புழுக்கம்! நம் ஊரில் நிழல்வலைக் குடில் போடுவது வெயிலைக் குறைக்க. அங்கே கண்ணாடி போடுவது கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் பிடித்து வைக்க. அதுவும் போதாது. அந்தக் காலத்தில் தரைக்கு அடியில் கொதிகலன் வைத்துக் கரி எரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் அழகு கெடக்கூடாது என்று, புகையைச் சுரங்க வழியாகத் தள்ளி நிற்கும் ஒரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் வெளியே விட்டிருக்கிறார்கள்.

உள்ளே காபி, கோகோ, ரப்பர் எல்லாம் நிற்கின்றன. ரப்பருக்கும் இந்தப் பூங்காவுக்கும் பழைய உறவு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கே கொண்டுவந்தார். பலா விதை, மா விதை போலத்தான் ரப்பர் விதையும், காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். முளைத்தவை சுமார் 2,700. அதாவது நூற்றுக்கு நாலுகூட இல்லை. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதியைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரங்களுக்கு மூலம் தேடிப் போனாலும், பெரும்பாலும் அந்த 2,700இல்தான் போய் நிற்கும். ரப்பர் வியாபாரத்தில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரேசில், பின்னாளில் அந்த இடத்தை இழந்தது. கை மாறியது ஒரு கப்பல் விதைதான்.

நம் ஊர் நித்தியகல்யாணியும் அங்கே பூத்து நின்றது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதை மூலிகைப் பயிராகப் போட்டவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து இதில் இருந்து எடுக்கப்படுகிறது. சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு.

அதே வீட்டில் ஒரு பெரிய தொட்டிச் செடி. 1775இல் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்ததாம். சைகஸ் என்று நம் நர்சரிகளில் விற்கிறார்களே, அதற்கு உறவு. 250 வருடம் ஆகியும் உயரம் 4 மீட்டர் சொச்சம்தான். சாய்ந்துவிட்ட தண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். தொட்டி மாற்றி, மண் மாற்றி, எத்தனை தலைமுறைத் தோட்டக்காரர்கள் இதைக் காப்பாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மித வெப்பப் பகுதிச் செடிகளுக்கான வீடு. இது இன்னும் பெரியது. ஐந்து வருடம் மூடிப் பழுதுபார்த்து 2018இல் திறந்திருக்கிறார்கள். அங்கேதான் அந்த மரத்தைப் பார்த்தேன். பெயர் என்செபாலார்டாஸ் வூடி. தொட்டியில் பார்த்த செடியின் இனம்தான். தடித்த தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி ஓலைகள்.

1895இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியல் அறிஞர், தென்னாப்பிரிக்காவின் ஓன்கோயே காட்டோரச் சரிவில் இதைக் கண்டார். ஒரே புதர், நாலு தண்டு. அதன் பிறகு அந்தக் காட்டில் இன்னொரு மரம் யார் கண்ணிலும் படவில்லை. 1899இல் ஒன்று கியூவுக்கு வந்தது. 1916இல் கடைசித் தண்டையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். காட்டில் அதோடு சரி.

பனையில் ஆண்பனை, பெண்பனை தனித்தனி. இந்த இனமும் அப்படித்தான். கிடைத்த அந்த ஒரு மரம் ஆண். இன்று உலகத்துப் பூங்காக்களில் இருப்பவை எல்லாம், வாழையில் பக்கக்கன்று பிரிப்பது போல அதில் இருந்து பிரித்தவை. அத்தனையும் ஆண். மகரந்தம் உண்டு, ஏற்கப் பெண்மரம் இல்லை. அண்மையில் அந்தக் காட்டுக்கு மேலே டிரோன் பறக்கவிட்டும் பெண்மரம் தேடுகிறார்கள்.

மரத்துக்கு நோய் இல்லை. தண்ணீர், உரம், வெப்பம் எதிலும் குறை இல்லை. ஆனால் சந்ததி இல்லை. அதன் முன்னால் இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் "கால் வலிக்குதா அப்பா?" என்று கேட்டாள். கால் வலி இல்லை. பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரக் கிராமம் ஒன்றில் குழியடிச்சான் நெல் போட்டுவந்தார்கள். உப்பைத் தாங்கும் பழைய ரகம். மகசூல் குறைவு. "அதை விடுங்க ஐயா, புது ரகம் போடுங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான். புது ரகம் நன்றாகவே விளைந்தது. அதைக் கொடுத்ததில் தப்பு இல்லை. பழைய விதையில் ஒரு மரக்காலாவது எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை, அதுதான் தப்பு.

பல வருடம் கழித்துக் கடல்நீர் ஏறி நிலம் உவர்த்துப் போனது. அப்போது அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, "சார், அன்னைக்கு விடச் சொன்னீங்களே, அந்த நெல்லு கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. அலைந்து திரிந்து, வேறு ஒரு ஊரில் ஒரு அம்மா பழக்கத்துக்காக ஐந்து சென்டில் விடாமல் விதைத்து வந்த நெல்லில் இரண்டு மரக்கால் கிடைத்தது. அந்த அம்மாவும் விட்டிருந்தால்?

கியூ பூங்காவைச் சேர்ந்த விதை வங்கி ஒன்று சசெக்ஸ் பகுதியில் இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் விதைகளைக் காக்கிறார்கள். நமக்கும் டெல்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் குளிர்பதன அறைக்குள் இருக்கும் விதை நம் மண்ணையும் மழையையும் வருடா வருடம் பார்ப்பதில்லை. வயலில் இருக்கும் விதை பார்க்கிறது.

உங்களிடம் பழைய ரகம் எது இருந்தாலும், நெல்லோ, கத்தரியோ, அவரையோ, விட்டுவிடாதீர்கள். நெல் என்றால் ஐந்து சென்ட் போதும். பக்கத்து ரகத்துக்கும் அதற்கும் 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். கலவன் செடிகளைப் பூக்கும் முன்பும் பின்பும் பிடுங்கிவிடுங்கள். விதைக்கான கதிரை வயலின் நடுவில் எடுங்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் காய வையுங்கள். கடித்தால் நெல் 'டக்' என்று உடைய வேண்டும். விதைப்பதற்கு முன் 100 விதையை ஈரச்சாக்கில் வைத்துப் பாருங்கள். 14ஆம் நாள் 80க்குக் குறையாமல் முளைத்திருந்தால் நல்ல விதை.

முக்கியமானது, எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வீட்டில் எலி தின்றாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். நீங்கள் விளைவித்த விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுக்கிறது. உங்கள் பாரம்பரிய ரகத்தை உங்கள் பெயரிலேயே பதிவும் செய்யலாம்.

உங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும் விதை ஏதாவது இருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். இரண்டாவது வீட்டைத் தேடித் தருவது என் பொறுப்பு. அந்தக் கடலோரக் கிராமத்துக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது கழியட்டும்.